களிம்பேறிய காசு

உரோமாபுரியைக் கிளாடியஸ் சக்கரவர்த்தி ஆண்ட காலத்திலே, செங்கடற் பகுதியின் வரி அன்னியஸ் புளொக்காமஸ் என்பவனுக்குக் குத்தகையாக விடப்பட்டிருந்தது. அவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அராபியக் கரையோரமாகக் கலஞ் செலுத்திச் செல்கையிற் பெருங்காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் துறையொன்றில் ஒதுங்கினான். இந்நாட்டு மன்னன் அவனை ஆறு திங்கள் விருந்தோம்பினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளையும் மன்னன் நோக்கினான். காசுக்குக் காசு முகம் வேறுபட்டது. ஆயினும் நிறை வேறுபடவில்லை. வெவ்வேறு ஆட்சியாளர் அடித்த காசுகள் ஒரே நிறையினவாய் இருத்தலைக் கண்டு, அந்நாட்டாரின் நேர்மையை அவன் வியந்தான். நால்வர் தூதரையும் உரோமாபுரிக்கு அனுப்பிவைத்தான். இச்செய்தியைக் கூறுபவர் கி.பி. 79ஆம் ஆண்டில் இறந்த பிளினி என்னும் உரோம அறிஞர்.

அம்மன்னன் செய்தது யாது? இக்காசு என்ன விலைக்குப் போகும் என்று அவன் வினவவில்லை. நிறையை நோக்கினான்; முகத்தை நோக்கினான்; ஒன்றோடொன்றை ஒப்பிட்டான்; பின்னர் அதனை அடித்த மக்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தான். பழங்காசை இனங்காணும் கலை இன்றும் இந்த நான்கு படிகளிலேயே நிற்கிறது. ஆனால், மன்னன் கண்டது வெள்ளி. இன்று மண்ணிலிருந்து வெளிப்படுவன பெரும்பாலும் களிம்பேறிய வெண்கலம். அவற்றைப் பேசவைப்பதற்குப் பொறுமை மிக வேண்டும்.

வயல் வரம்பைக் கொத்தும் ஒரு கமக்காரனின் மண்வெட்டியில் உடைந்த முட்டியொன்று தட்டுப்படுகிறது என்று நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். அதனுள்ளே பச்சை நிறமான சிறு தகடுகள் ஒட்டிக்கிடக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் நிகழ்வது என்ன? பித்தளைச் செம்பை விளக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கிறார்கள். சில நாழிகையிற் காசு செம்பொன் போலப் பளபளக்கிறது. ஆனால் அதன் முகத்தில் எழுத்து இல்லை. பதினாறு நூற்றாண்டுகளாக மண் அழிக்காததை ஒரு பிடி புளி அழித்துவிட்டது!

செம்பு மண்ணில் நெடுங்காலம் கிடக்கும்போது அதன் மேற்பரப்பே களிம்பாக மாறிவிடுகிறது. உருவமும் எழுத்தும் பல வேளைகளில் அந்தக் களிம்புப் படையிலேயே தங்கியிருக்கின்றன. களிம்பை உரித்தால் அவையும் உடன் உரிந்துபோம். ஆதலின், இனங்காண்போனுக்குரிய முதல் விதி கையை அடக்கிக்கொள்வதேயாகும். ஒட்டியுள்ள மண்ணை மெல்ல உதிர்க்கலாம். அமிலமோ, புளியோ, கம்பித் தூரிகையோ அணுகலாகாது. வெளிறிய பச்சைத் தூள் காசின் மேற் பூத்துக்கொண்டே வருமாயின், அது உப்பினாலும் ஈரத்தினாலும் உண்டாகும் நோய். அத்தகைய காசை உலர்ந்த இடத்தில் வைத்து, நூதனசாலையில் உள்ள வல்லுநரிடம் சேர்ப்பித்தலே தக்கது.

இரண்டாவது படி அளத்தலும் நிறுத்தலும் ஆகும். ஒகுஸ்துஸ் சக்கரவர்த்தி வகுத்த முறையின்படி, ஒரு தெனாரியஸ் வெள்ளிக்கு நான்கு செஸ்தெர்சியஸ். ஒரு செஸ்தெர்சியசுக்கு இரண்டு துபொண்டியஸ். ஒரு துபொண்டியசுக்கு இரண்டு அஸ். இவற்றுள் செஸ்தெர்சியசும் துபொண்டியசும் செம்போடு நாகம் சேர்ந்த பித்தளையால் ஆனவை. அஸ் தனிச் செம்பால் ஆனது. பேச்சு வழக்கில் யாவும் வெண்கலக் காசுகள் என ஒரே பெயராற் குறிக்கப்படுகின்றன. செஸ்தெர்சியஸ் சுமார் 25 கிறாம் நிறையும், 30 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விட்டமும் உடையது. உள்ளங்கையிற் கனமாக உட்காரும். துபொண்டியசும் அஸ்சும் பருமனில் ஏறத்தாழ ஒத்தவை. பொன்னிறத்தையும் செந்நிறத்தையும் கொண்டு அக்காலத்தவர் அவற்றைப் பிரித்தறிந்தனர். களிம்பு மூடிய பின் நிறம் உதவாது. அங்கே மன்னனின் முடி உதவிக்கு வருகிறது. நீரோவின் காலந்தொட்டு, கதிர்கள் விரிந்த முடி தலையில் இருக்குமாயின் அது துபொண்டியஸ் எனக் கொள்வது பெருவழக்கு. அஸ்சின் தலையிற் கதிர் முடி பொதுவாக இராது.

நான்காம் நூற்றாண்டுக்கு வரும்போது இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. மூன்றாம் நூற்றாண்டின் போர்களாலும் பணவீக்கத்தாலும் பழைய நாணயமுறை சீர்குலைந்தது. டயோக்கிளீசியன் கி.பி. 294ஆம் ஆண்டளவில் மெல்லிய வெள்ளிப் பூச்சோடு கூடிய, சுமார் 10 கிறாம் நிறையுள்ள புதிய வெண்கலக் காசை வெளியிட்டான். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. நூறு ஆண்டுகள் கழிந்தபோது, மக்கள் கையிற் புழங்கியது சட்டைத் தெறி அளவான, சுமார் 1 கிறாம் நிறையுள்ள சிறு துண்டு. ஒரு பழைய செஸ்தெர்சியசை இருபத்தைந்து துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவே அது. இக்காசுகள் பலவற்றின் அக்காலப் பெயர் உறுதியாகத் தெரியாமையால், ஆய்வாளர் விட்டத்தைக் கொண்டு அவற்றை நான்கு வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை நான்காம் வகுப்பு. ஆகவே, ஒரு எழுத்தும் வாசிக்கப்படுமுன்பே, அடிமட்டமும் தராசும் அரைப்பங்கு விடையைத் தந்துவிடுகின்றன.

மூன்றாவது படி முகம். ஒகுஸ்துஸ் முதல் திராஜன் வரையுள்ள மன்னர்கள் பெரும்பாலும் மழித்த முகத்தினர். கி.பி. 117இல் அரசேறிய ஹட்ரியன் தாடி வளர்த்தான். அவனுக்குப் பின் தாடியே மன்னரின் வழக்கமாயிற்று. கொன்ஸ்தந்தீன் மீண்டும் மழித்த முகத்தோடு தோன்றுகிறான். 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் மறுபடி தாடியோடு தோன்றுகிறான். தலைக்கு அணிந்ததும் காலத்தைக் காட்டும். பழைய மன்னர் தலையில் வாகை மாலை. கொன்ஸ்தந்தீனின் பிற்கால ஆட்சி தொடங்கி மணி பதித்த பட்டம். எழுத்துத் தேய்ந்தாலும், மேடான நெற்றியும் மூக்கும் தாடையும் கோட்டுருவாக எஞ்சியிருக்கும். பழகிய கண் அந்தக் கோட்டிலேயே ஆளைக் கண்டுகொள்ளும்.

நான்காவது படி எழுத்து. முற்காலக் காசுகளில் வாசகம் பெரும்பாலும் மன்னனின் தோளுக்குக் கீழே இடப்புறமிருந்து தொடங்கி, கடிகார முள் சுற்றும் வழியே செல்லும். சொற்களுக்கிடையே இடைவெளி பெரும்பாலும் இராது. இலத்தீன் மொழியின் ‘யு’ எழுத்து அங்கே ‘வி’ போலவே பொறிக்கப்பட்டிருக்கும். சொற்கள் யாவும் சுருக்கம். ‘ஐ, எம், பி’ என்றால் இம்பெராத்தோர், அதாவது படைத்தலைவன். ‘ஏ, வி, ஜி’ என்றால் ஒகுஸ்துஸ் என்னும் பட்டம். ‘பி, எம்’ என்றால் தலைமைக் குரு. ‘சி, ஓ, எஸ்’ என்றால் கொன்சல் பதவி. பின்பக்கத்தில் ‘எஸ், சி’ என்னும் இரண்டு எழுத்துகள் பெரிதாக நிற்குமாயின், அவை செனற் சபையின் ஆணைப்படி என்னும் தொடரின் சுருக்கம். முதல் மூன்று நூற்றாண்டுகளின் பெரிய வெண்கலக் காசுகளுக்கு அவை தக்க அடையாளம்.

ஓர் எடுத்துக்காட்டு. கனத்த செஸ்தெர்சியஸ் ஒன்று. முகப்பக்கத்தில் வழுக்கைத் தலையும் தடித்த கழுத்தும் உடைய முதியவன். பின்பக்கத்தில் ஒரு பேரீச்ச மரம். அதன் அடியிற் கன்னத்திற் கை வைத்து அழும் பெண்ணொருத்தி. சுற்றிலும் ‘யூதேயா காப்தா’ என்னும் வாசகம். யூதேயா கைப்பற்றப்பட்டது என்பது அதன் பொருள். எருசலேம் நகரம் வீழ்ந்தது கி.பி. 70இல். முகப்பக்கத்தில் வெஸ்பாசியன் பெயரோடு மூன்றாம் முறை கொன்சல் என்ற குறிப்பு உள்ளது. அவன் அப்பதவியை மூன்றாம் முறை வகித்தது 71இல். நான்காம் முறை வகித்தது 72இல். ஆகவே இக்காசு அடிக்கப்பட்ட ஆண்டு 71 எனத் துணியலாம். வென்றவனின் பெருமிதமும் தோற்றவளின் கண்ணீரும் ஒரே வட்டத்தில் அடங்கிவிட்டன. அந்தக் காசைக் கொடுத்து அப்பம் வாங்கிய எளியவனுக்கும் அரசு தன் செய்தியை அறிவித்துவிட்டது.

ஆயினும் எழுத்து ஏமாற்றவும் கூடும். மார்க்கஸ் ஒரேலியஸ், கரகல்லா, எலகாபாலஸ் என்று வரலாறு வேறு பெயர்களால் அழைக்கும் மூவரும் தம் காசுகளில் அந்தோனைனஸ் என்ற பெயரைப் பொறித்துள்ளனர். பெயரை மட்டும் படித்தவன் ஒருவனுக்குரியதை மற்றவனுக்கு உரியதாக்கிவிடுவான். முகமே அங்கே தீர்ப்புக் கூறும். கொன்சல் எண்ணும் அத்தகையதே. அந்தோனைனஸ் பயஸ் நான்காம் முறை கொன்சலானது 145இல். அதன்பின் 161இல் இறக்கும்வரை அப்பதவியை அவன் ஏற்கவில்லை. ஆகவே நான்கு என்ற எண் அங்கே ஓர் ஆண்டைக் காட்டாது. பதினாறு ஆண்டு இடைவெளியைக் காட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட மக்கட் பிரதிநிதி அதிகாரத்தின் எண் கிடைத்தாலன்றி அதைச் சுருக்க இயலாது.

தேய்ந்த எழுத்தை வாசிக்க எளிய வழியொன்றுண்டு. காசை நேர் வெளிச்சத்திற் பிடியாது, மாலை வெயில் போலச் சாய்ந்து விழும் ஒளியிற் பிடித்து மெல்லத் திருப்புதல் வேண்டும். நேரொளியில் மறைந்திருந்த மேடு பள்ளங்கள் நிழலாக எழும். தெளிவான எழுத்துகளை எழுதிக்கொண்டு, அழிந்த இடத்தில் எத்தனை எழுத்துகள் அடங்கும் என எண்ணிப் புள்ளியிட வேண்டும். கண்டதை எழுதலாம், காண விரும்பியதை எழுதலாகாது. பிறகே நூலைத் திறக்க வேண்டும். மாற்றிங்லி, சிடன்ஹாம் என்னும் அறிஞர்கள் 1923இல் தொடங்கிய உரோமப் பேரரசு நாணயப் பட்டியல் பின்னர் பலரால் வளர்க்கப்பட்டு, பத்தாம் தொகுதி 1994இல் வெளிவந்தது. அப்பட்டியலைத் தழுவி 2012 முதல் கணினி வழியாகவும் தேடும் வசதி உண்டாயிற்று. பெரிய நூலகம் அருகில் இல்லாதவனுக்கும் இன்று ஒப்பிடும் வாய்ப்புக் கிட்டியுள்ளது.

இனி, சட்டைத் தெறி அளவான பிற்காலச் சிறு காசுகள். இவற்றில் வாசகம் முழுமையாகக் கிடைப்பது அரிது. கையால் அவசரமாக அடிக்கப்பட்டமையால், அச்சின் ஒரு பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். இங்கே பின்பக்கத்து உருவமே துணை. இரண்டு போர்வீரர் எதிரெதிரே நிற்க, நடுவே படைக்கொடிகள் நாட்டப்பட்டிருக்கும் காசு மிகப் பரவலானது. ‘குளோரியா எக்செர்கித்தூஸ்’, அதாவது படையின் புகழ் என்பது அதன் வாசகம். கொடிகள் இரண்டாயின் அது 330க்கும் 335க்கும் இடைப்பட்டது. கொடி ஒன்றாயின் 335ஐ ஒட்டியோ அதன் பின் சில ஆண்டுகளிலோ அடிக்கப்பட்டது. காசு சிறுத்தது, கொடியும் ஒன்றாகக் குறைந்தது. எழுத்தே இல்லாவிடினும், கொடியை எண்ணத் தெரிந்த சிறுவன் காலத்தைக் கூறிவிடலாம்.

குதிரையோடு வீழ்ந்த பகைவனை வீரனொருவன் ஈட்டியாற் குத்தும் உருவம் 348ஆம் ஆண்டளவில் தொடங்கிய வரிசையைச் சேர்ந்தது. நற்காலம் மீண்டது என்பது அதன் வாசகத்தின் கருத்து. வெற்றித் தெய்வம் கைதியொருவனை இழுத்துச் செல்ல, பக்கத்திற் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் இரு கிரேக்க எழுத்துகள் பின்னிய சின்னம் தோன்றுமாயின், அது தெயோதோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் முதலியோர் காலத்தது. நான்காம் நூற்றாண்டின் கடைசிக் கூறை ஒட்டியது. நாட்டின் நலம் என்பது அதன் வாசகம். பழைய தெய்வமும் புதிய சமயத்தின் சின்னமும் ஒரே காசில் அருகருகே நிற்பது, மாறிவந்த காலத்தின் மெய்யான படம்.

பின்பக்கத்தின் அடியில் ஒரு கோட்டுக்குக் கீழே சில எழுத்துகள் நிற்கும். காசு அடிக்கப்பட்ட நகரை அவை காட்டும். ‘ஏ, என், ரி’ என்றால் சிரியாவின் அந்தியோக்கியா. ‘ஏ, எல், ஈ’ என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா. ‘சி, ஓ, என், எஸ்’ என்றால் பெரும்பாலும் கொன்ஸ்தாந்திநோபிள். அவற்றோடு சேர்ந்துவரும் தனியெழுத்து அந்நாணயசாலையின் எந்தப் பட்டறை என்பதைக் குறிக்கும். காசிற் பிழை நேர்ந்தால் எந்தப் பட்டறையைக் கேட்பது என அரசு அறிந்திருந்தது.

இவ்வளவும் பொருந்தினாலும் ஓர் ஐயம் எஞ்சும்: காசு மெய்யானதா? பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த கவீனோ என்னும் கலைஞன் பழைய செஸ்தெர்சியசுகளைப் போன்றே அழகிய படிகளை அச்சடித்தான். அவனுடைய காசுகள் தேர்ந்தவரையும் மயக்கின. இன்றைய போலிகள் பல வார்ப்பு வேலை. விளிம்பிலே இரு பாதி அச்சுகள் கூடிய வடுவும், மேற்பரப்பிற் காற்றுக் குமிழியின் சிறு குழிகளும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் போலிகள் எல்லாம் மோசடி அல்ல. இலங்கையிற் கிடைக்கும் உரோமக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே செய்யப்பட்டவையும் உள்ளன. எழுத்து வெறுங் கோடுகளாகவும், மன்னன் முகம் சில வளைவுகளாகவும் இருக்கும். யாரையும் ஏமாற்ற எழுந்தவை என அவற்றைத் தள்ளிவிட இயலாது. சில்லறை போதாத சந்தை, தனக்குப் பழகிய காசின் சாயலிலே தனக்கு வேண்டிய சில்லறையைச் செய்துகொண்டதற்கு அவை சான்றாகக் கொள்ளப்படுகின்றன. வாசிக்க முடியாதது என்று ஒதுக்கப்படும் அந்தக் காசே இந்நாட்டு வரலாற்றுக்கு மிக நெருங்கிய காசு.

இங்கேதான் இனங்காணலின் பயன் தெளிவாகிறது. இலங்கையில் உரோமக் காசுகள் கிடைத்தன என்று மட்டும் எழுதிவைத்திருந்தால், அவை யாவும் பிளினி கூறிய கிளாடியஸ் காலத்தில் வந்திறங்கியவை என எவரும் எண்ணக்கூடும். 1907இல் ஜோன் ஸ்ரில் இத்தீவிற் கிடைத்தவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். 1924இல் கொட்றிங்டன் இலங்கை நாணயங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அண்மைக் காலத்திலும் ஆய்வு தொடர்ந்தது. ஒவ்வொரு சிறு காசாக முகமும் கொடியும் நகரெழுத்தும் நோக்கியதன் பயனாக, இங்கு கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சிறு காசுகள் என்பது துணியப்பட்டது. பிளினியின் மன்னனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தவை அவை. அநுராதபுரம், சிகிரியா, மாந்தை முதலிய இடங்களின் வரலாற்றை எழுதுவோர் இதனை விட்டு மேலே செல்ல முடியாது.

ஆனால் காசு தன்னந்தனியே இவ்வளவும் சொல்லிவிடாது. அடித்த காலம் வேறு. மண்ணில் விழுந்த காலம் வேறு. வெண்கலக் காசு நூறாண்டும் அதற்கு மேலும் கைமாறியிருத்தல் கூடும். ஒரு சுவரின் அடித்தளத்துக்குக் கீழே 388ஆம் ஆண்டுக்குரிய காசு கிடந்தால், அச்சுவர் 388க்கு முன் எழுந்ததன்று என்று மட்டுமே உறுதி கூறலாம். அதனோடு கிடந்த ஏனைய காசுகள், முட்டியின் ஓடு, மண் படையின் ஆழம் ஆகிய யாவும் சேர்ந்தே மேலும் பேசும். முட்டியிலிருந்த காசுகளை மூவர் பங்கிட்டு மூன்று சந்தைகளில் விற்றுவிட்டால், அந்தச் சான்று திரும்பி வாராது.

அவ்வாறு விற்றவனுக்கும் பெரும் இலாபம் இல்லை. பேரளவில் அடிக்கப்பட்ட இச்சிறு காசுகள் உலகச் சந்தையில் மலிவானவை. சிறு தொகைக்காக ஓர் ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிக்கப்படுகிறது. இதனைத் தடுக்கவே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருளைக் கண்டெடுத்தவர் அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என விதித்தது. சட்டத்துக்கு அஞ்சி அறிவிப்பதிலும், ஊரின் மேலுள்ள பற்றினால் அறிவிப்பது சிறந்தது. கண்ட இடம், கண்ட நாள், ஆழம், உடன் கிடந்த பொருள் ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்து வைப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. வயலின் பெயரை அறிந்த கமக்காரனே அதற்கு ஏற்றவன்.

அன்று ஓர் அரசன் அயல்நாட்டுக் காசைக் கையிற் பிடித்து, அதை அடித்தவர்களின் தன்மையை அளந்தான். இன்று மண்வெட்டியில் அகப்படும் சிறு காசு, அதை எடுத்தவர்களின் தன்மையை அளக்கிறது. புளியைத் தேடி அடுக்களைக்குச் செல்லும் கை, ஒரு கணம் நின்று, சாய்ந்த வெயிலில் அதைத் திருப்பிப் பார்க்குமாயின், அங்கே இரண்டு வீரர் நிற்பதும், அவர்களுக்கு நடுவே ஒரு கொடியோ இரு கொடியோ இருப்பதும் தெரியவரும்.